புகையை விடுவோர்க்கு ஊரார் துணை

பத்தமடை என்றதும் கோரைப் பாயை நினையாதார் இல்லை. தாமிரபரணியின் பாசனத்தால் நெல்லும் வாழையும் செழிக்கும் இவ்வட்டாரத்திற்கு மற்றொரு தொழிலும் உண்டு. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பல்லாயிரம் பெண்மக்கள் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றிக் குடும்பத்தைக் காக்கின்றனர். பீடி சுற்றும் ஊர்களில் பீடி பிடிப்போரும் மலிந்திருப்பதில் வியப்பில்லை. வயல் வரப்பிலும், கால்வாய் மதகடியிலும், தேநீர்க் கடை வாசலிலும் ஒருவர் பற்ற வைத்தால் மற்றவரும் கை நீட்டுவது நாம் நாள்தோறும் காண்பதேயாகும்.

இப்பழக்கத்தைப் பெரும்பாலோர் தனியே கற்றுக்கொண்டதில்லை. கூட்டாளிகளோடு கூடிக் கற்றனர். விடும்போது மட்டும் ஒவ்வொருவரும் தனியே போராடித் தோற்கின்றனர். விட நினைப்போரை ஒன்று சேர்த்து, கடினமான முதல் நாட்களைக் கடக்கச் செய்வது எவ்வாறு என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாய அன்பர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீங்கின் அளவு

பீடி இலையில் சுற்றப்படுவதால் சிகரெட்டைவிடத் தீமை குறைந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். பீடி அடிக்கடி அணைந்துவிடுவதால் அதனை விடாமல் ஆழ்ந்து இழுக்க வேண்டியிருக்கிறது. அதன் புகையில் உள்ள நிக்கோட்டினும் தாரும் சிகரெட்டினுடையவற்றிற்குச் சற்றும் குறைந்தவையல்ல.

நமது மாநிலத்திலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்று நம் கண்களைத் திறக்க வல்லது. சென்னை நகரிலும் தமிழ்நாட்டின் கிராமப் பகுதிகளிலும் மரணமடைந்த சுமார் 43,000 ஆடவர்களின் விவரங்களை டாக்டர் கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ முதலியோர் ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புகைக்காதவர்களைக் காட்டிலும் புகைப்பவர்கள் காசநோயால் மாள்வது ஏறக்குறைய நான்கு மடங்கு என்பது அதன் முடிவு. உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் தகப்பன் மறைந்தால் அக்குடும்பத்தின் நிலம் அடமானத்திற்கும், பிள்ளையின் படிப்பு பாதியிலும் போவதை நாம் அறிவோம். ஆகவே இது தனிமனிதரின் விருப்பு வெறுப்பு மட்டுமன்று, ஊரின் க்ஷேமத்தைப் பற்றியதுமாகும்.

முதல் மூன்று நாட்கள்

புகையிலுள்ள நிக்கோட்டின் சில விநாடிகளில் மூளையை எட்டிவிடும். அதற்குப் பழகிய மூளை, வரவு நின்றவுடன் கலக்கம் கொள்கிறது. கடைசிப் பீடியை எறிந்த சில மணி நேரத்திலேயே மனம் அலையும், எரிச்சலும் கோபமும் எழும், தூக்கம் குறையும், வேலையில் கருத்து நில்லாது, பசி மிகும். சிலருக்கு மலச்சிக்கலும் இருமலும் தோன்றும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் இத்தொல்லைகள் உச்சத்தை அடைந்து, அதன்பின் தணிந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் நீங்கிவிடும். இவை நோய் அல்ல. உடல் விடுதலை பெறுவதன் அறிகுறிகள்.

இன்னொரு உண்மையையும் நினைவில் கொள்ள வேண்டும். 'இப்போதே ஒன்று வேண்டும்' என்னும் வேட்கை அலைபோல் எழுந்து சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களைக் கடத்திவிட்டால் போதும். அப்போது பக்கத்தில் ஒருவர் இருப்பது பேருதவியாகும்.

துணையின் வலிமை

உதவியேதுமின்றித் தாமே விட முயல்வோரில் பெரும்பாலோர் முதல் எட்டு நாட்களுக்குள்ளாகவே மீண்டும் பற்ற வைத்துவிடுகின்றனர். 6 முதல் 12 மாதங்கள் வரை உறுதியாக நிற்போர் 100க்கு 3 முதல் 5 பேரே. குழுவாகக் கூடி விடுவோரிடையே வெற்றி, தாமே புத்தகம் பார்த்து முயல்வோரைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தோர் கூறுகின்றனர்.

அமெரிக்காவில் பிரேமிங்காம் என்னும் ஊரில் தொடங்கிய ஆராய்ச்சியில் சேர்ந்த 12,067 பேரின் 32 ஆண்டுக்கால வரலாறு 2008இல் வெளியாயிற்று. தம்பதியருள் ஒருவர் புகையை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 100க்கு 67 பங்கு குறைந்தது. நண்பர் ஒருவர் விட்டால் 36 பங்கு குறைந்தது. ஒருவரோடொருவர் பழகியோர் கூட்டம் கூட்டமாகவே விட்டனர். நமது நாட்டிலும் நாகாலாந்தின் காரிபேமா என்னும் கிராமம், ஊர் மன்றமும் சங்கங்களும் ஒருமனதாக முடிவு செய்ததன் பயனாக, 2014இல் புகையிலையற்ற கிராமமாக அறிவிக்கப்பட்டது.

குழு அமைக்கும் முறை

விட விரும்பும் ஐந்து முதல் பத்துப் பேர் ஒரு குழுவாகச் சேரலாம். எவரையும் வற்புறுத்திச் சேர்த்தலாகாது. அறுவடை, திருமணம், கோயில் கொடை போன்ற கூட்டம் மிகுந்த நாட்களைத் தவிர்த்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு நாளைக் குறிக்க வேண்டும். முன்னாள் இரவே பீடிக்கட்டு, தீப்பெட்டி யாவற்றையும் அகற்றிவிட வேண்டும். வழக்கமாகக் கடனுக்குப் பீடி தரும் கடைக்காரரிடமும், வீட்டாரிடமும் செய்தியைச் சொல்லிவிடுதல் நலம். அந்நாட்களில் அவர் சிடுசிடுத்தாலும் மனைவி மக்கள் பொருட்படுத்தாதிருக்க இது உதவும்.

ஒவ்வொருவருக்கும் குழுவில் ஒருவர் துணையாக அமைய வேண்டும். முதல் மூன்று நாட்கள் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் குழுவினர் சந்திக்க வேண்டும். விதி ஒன்றே: 'பற்ற வைக்குமுன் துணையிடம் வருக.' வந்தவரோடு ஐந்து நிமிடம் பேசியிருத்தல், ஒரு செம்பு நீரைச் சிறுகச் சிறுகப் பருகுதல், கால்வாய்க் கரையில் சற்று நடத்தல் ஆகியவை போதுமானவை. காலைத் தேநீருடன் பிடித்துப் பழகியோர் சில நாட்கள் நீராகாரமோ சுக்குக் காப்பியோ அருந்தி, கடை வாசலைத் தவிர்க்கலாம். பீடிக்குப் பதில் வெற்றிலையுடன் புகையிலை மெல்லுதல் கூடாது. அதுவும் வாய்ப் புற்றுநோய்க்கு வழி வகுக்கும்.

இடையில் ஒருவர் தவறி ஒரு பீடி பிடித்துவிட்டால் அவரை நகைக்கவோ நீக்கவோ வேண்டா. எந்த வேளையில், யாரோடு, ஏன் என்று கேட்டறிந்து, மறுவேளை முதல் தொடரச் செய்வதே முறை. நாளொன்றுக்கு 20 ரூபாய் பீடிக்குச் செலவிட்டவர் அதனை உண்டியலில் இட்டால் ஆண்டில் 7,300 ரூபாய் சேரும். ஒரு பிள்ளையின் புத்தகத்திற்கும் உடைக்கும் அது பெரிதும் உதவும்.

பஞ்சாயத்தின் கடமை

பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் விதிகள் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் அமலில் உள்ளன. மீறுவோர்க்கு 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. பஞ்சாயத்து அலுவலகமும் அங்கத்தினர்களும் இதற்கு முதல் உதாரணமாகத் திகழ வேண்டும். அதே அக்டோபர் 2இல் கூடும் கிராம சபையில், விட்டவர்கள் தாமே முன்வந்து பேச இடமளிக்கலாம். நிக்கோட்டின் கலந்த சுவிங்கம் முதலிய உதவிகளைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டறியலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் உள்ளவர் கட்டாயம் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 1800-11-2356 என்ற எண்ணில் இயங்கும் தேசியப் புகையிலை ஒழிப்பு ஆலோசனைத் தொலைபேசிக்குக் கட்டணம் இல்லை.

பீடி சுற்றும் சகோதரிகளின் பிழைப்பு என்னாவது என்று சிலர் வினவலாம். அவர்களுக்கு மாற்றுத் தொழில் தேடுவது நமது பெருங்கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும் தம் கணவரோ மகனோ இருமி மெலிவதை அவர்களில் எவரும் விரும்பமாட்டார்.

ஒற்றைக் கோரை எளிதில் ஒடியும். நூலில் கோத்து நெருங்க நெய்தபின் அதுவே தலைமுறைக்கு உழைக்கும் பாயாகிறது. ஒவ்வொரு வார்டிலும் ஐந்து பேரைத் திரட்டி, மூன்று நாட்கள் அவர்களுக்குத் துணை நிற்க ஒவ்வோர் அங்கத்தினரும் முன்வருவாராக.