உடம்புக்குள்ளே வைக்கும் பொருளுக்கு வீட்டுப்பூச்சு போதுமா?



ஒரு கிராமக் கூட்டத்தில் என்னிடம் இரண்டு கேள்விகள் வந்தன. ஓர் இளைஞர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "சார், வெளிநாட்டுல விரல் நுனியில தோலுக்கு அடியில காந்தம் வச்சுக்கிறாங்க. மேலே நல்ல பசையா பூசி நாமளும் வச்சுக்கிட்டா என்ன?" என்றார். அவர் மனைவி மெதுவாக, "காப்பர்-டியும் உள்ளே வைக்கிற சாமான்தானே சார், அது துருப்பிடிச்சுப் போகாதா?" என்றார். இரண்டு கேள்விக்கும் அடிப்படை ஒன்றுதான். உடம்பு எந்தப் பொருளை ஏற்கும், எதை ஏற்காது?

காந்தம் எதற்கு?

2005 வாக்கில் அமெரிக்காவில் சிலர் இதைச் செய்யத் தொடங்கினார்கள். விரலில் சிறு காந்தம் இருந்தால், ஓடுகிற மோட்டார் பக்கம் கை போகும்போது விரலுக்குள் ஒரு அதிர்வு தெரியும். அந்தப் புதுமைக்காகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். நோய் எதுவும் இதனால் தீராது. மருத்துவர்கள் முன்வராததால், மரத்துப்போகும் ஊசிகூடப் போடாமல் தாங்களே கீறி வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

பூச்சு ஏன் தேவைப்படுகிறது?

இவர்கள் வைப்பது நியோடிமியம் காந்தம். 1980-களில் வந்தது. சிறியதானாலும் வலு அதிகம். ஆனால் அதில் இரும்பு இருக்கிறது, ஈரம் பட்டால் சீக்கிரம் அரித்துப் போகும். நம் உடம்புக்குள் இருப்பதோ வெதுவெதுப்பான உப்புநீர். கடையில் வாங்கும் காந்தத்தின் பளபளப்பு பெரும்பாலும் நிக்கல் முலாம்தான். கவரிங் தோடு போட்டால் சிலருக்குக் காது புண்ணாகிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த நிக்கலே. ஆகவே மேலே இன்னொரு பூச்சு வேண்டும் என்று சூடாக்கி ஊற்றும் பசை, சிலிகான், பிசின் என்று வீட்டிலேயே பூசிப் பார்க்கிறார்கள்.

வீட்டுப்பூச்சு ஏன் நிற்காது?

நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். ஈயப்பூச்சு ஓர் இடத்தில் தேய்ந்தாலும் போதும், புளிக்குழம்பு களிம்பேறிவிடும். காந்தத்துக்கும் அதே கதிதான்.

1. கையால் பூசும் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் விழும். அதன் வழியே நீர் புகுந்து, உள்ளேயே அரிப்பு ஆரம்பிக்கும்.

2. விரல் நுனி ஓயாமல் அழுந்தும் இடம். குடம் தூக்கினாலும், மண்வெட்டி பிடித்தாலும் பூச்சில் விரிசல் விடும்.

3. ஒட்டுவதற்கென்று விற்கும் பசையில், உடம்புக்கு ஆகாத சரக்குகள் கலந்திருக்கலாம். 'காய்ந்துவிட்டது' என்பது வேறு, 'உடம்புக்கு ஒத்துக்கொள்ளும்' என்பது வேறு.

4. கிருமி நீக்க வழியில்லை. மருத்துவமனையில் கருவிகளை 121 டிகிரி நீராவியில் வைப்பார்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். சூட்டுப்பசையும் இளகிவிடும்.

'உப்புநீரில் ஒரு மாதம் போட்டு வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்பார்கள். உப்புநீருக்கு வீக்கமும் இல்லை, சீழும் இல்லை. உடம்பு அப்படியா? பேஸ்மேக்கர் போன்ற கருவிகளில் பாரிலீன் என்ற பூச்சைக் காற்றில்லாத அறையில் ஆவியாகப் படியவைக்கிறார்கள். உடம்புக்குள் வைக்கும் பொருளை ஐஎஸ்ஓ 10993 என்ற தர விதிப்படி சோதிக்கிறார்கள். அதை அடுப்பங்கரையில் செய்ய முடியாது.

அமெரிக்காவில் ஒரு பெண் பத்திரிகையாளர் தன் அனுபவத்தை 2006-ல் எழுதினார். அவர் விரலில் வைத்த காந்தத்தின் சிலிகான் உறை சில மாதங்களில் பழுதாகிவிட்டது. வெளியே எடுக்கப் போனபோது காந்தம் விரலுக்குள்ளேயே உடைந்து துண்டானது. அனுபவமுள்ளவர் வைத்ததற்கே இந்தக் கதி!

காப்பர்-டி துருப்பிடிக்குமா?

துரு என்பது இரும்புக்குத்தான். காப்பர்-டியில் இரும்பு இல்லை. பாலிதீனால் ஆன 'டி' வடிவத் தண்டில் செம்பு சுற்றியிருக்கும். இங்கே செம்பை மூடி மறைப்பதில்லை. துளித்துளியாகக் கரைந்து, விந்தணுவைச் செயலிழக்கச் செய்வதே அதன் வேலை. 1965-ல் நம் நாட்டுக்கு வந்த 'லூப்' வெறும் பிளாஸ்டிக். செம்பின் பலனை 1969-ல் எடுத்துக்காட்டியவர் சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர். இன்று காப்பர்-டி 380ஏ 10 ஆண்டும், 375 என்ற வகை 5 ஆண்டும் பலன் தரும். கிருமி நீக்கி, மூடி முத்திரையிட்ட உறையில் வருகிறது. பயிற்சி பெற்றவர்தான் பொருத்த வேண்டும். குழந்தை வேண்டுமென்றால் எடுத்துவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

கீழ்வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப்போதல், நூல் கைக்குத் தட்டாமல் போதல் – இதில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். நீங்களே இழுத்து எடுக்காதீர்கள்.

யாராவது ஏற்கெனவே காந்தம் வைத்திருந்தால் திட்டாதீர்கள். பிளேடால் கீறி எடுக்கவும் விடாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் முன்பு காந்தம் இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரமே பெரிய காந்தம், விரலில் இருப்பதை அது இழுக்கும்.

வீட்டில் சிறு பிள்ளைகள் உண்டா? விளையாட்டுச் சாமானிலிருந்து கழன்ற காந்த மணிகளை அவர்கள் கைக்கு எட்டவிடாதீர்கள். இரண்டை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். விழுங்கியது தெரிந்தால், 'தானே வெளியே வந்துடும்' என்று காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே புறப்படுங்கள்.

அந்த இளைஞர் கடைசியில், "அப்போ காந்தம் வேண்டாம் சார்" என்றார். அவர் மனைவி மறு வாரம் கணவருடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, காப்பர்-டி பற்றி மேலும் விசாரித்தார். நீங்களும் இருவருமாகவே வாருங்கள். கேட்க வெட்கம் வேண்டாம். உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டாலே வழி சொல்வார்.