அழுக்கில் கிடைத்த அதிசயம்!

மேட்டூர் கரன்ட் உங்க ஹாஸ்டல் ஃபேனுக்கு வர்றதுக்குள்ள கொஞ்சம் கம்பியிலேயே சூடாகி வீணாகுது. அந்த வேஸ்ட்டே இல்லாத ஆசாமிதான் சூப்பர் கண்டக்டர். ஆனா, காந்தத்தைக் கண்டா ஆகாது!

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர்.நாகராஜன் குழு, இட்ரியம்-நிக்கல்-போரான் கலவையைக் குளிரவெச்சப்போ, 12 கெல்வினில் (மைனஸ் 261 டிகிரி) லேசா ஒரு சிக்னல். 'ஏதோ அழுக்கு'ன்னு தூக்கிப் போடலை. தோண்டினா, தெரியாம கலந்திருந்த கார்பன்! வேணும்னே சேர்த்தாங்க... 1994-ல் புது சூப்பர் கண்டக்டர் ரெடி!

இட்ரியத்துக்குப் பதிலா ஹோல்மியம் போட்டா, செம கூத்து. ஒவ்வொரு அணுவும் குட்டிக் காந்தம். அது எந்தப் பக்கம் படுக்கணும்னு சொல்றது, சுத்தியுள்ள அணுக்களோட மின்புலம். பேரு, கிறிஸ்டல் ஃபீல்டு. 8 கெல்வினில் பிறக்கிற சூப்பர் கண்டக்டிவிட்டி, 5 கெல்வின் பக்கம் காந்தங்கள் அணிவகுக்கும்போது தள்ளாடும். அடுக்குக்கு அடுக்கு அவை எதிரெதிரா திரும்பினதும், மறுபடி எழுந்திரிக்கும்!

லேப்ல ரீடிங் ஒத்துவரலையா? ரப்பரை எடுக்குறதுக்கு முன்னாடி, இன்னொரு தடவை பாருங்க பாஸ்!