பனிச்சரிவு

பனிச்சரிவு என்பது மலைச்சரிவில் படிந்துள்ள வெண்பனி திடீரெனப் பிடிப்பை இழந்து பெருந்திரளாகக் கீழ்நோக்கிப் பாய்வது ஆகும். இந்தியாவில் ஜம்மு காஷ்மீர், லடாக், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்டம், சிக்கிம் ஆகிய இமயமலைப் பகுதிகளில் இது நிகழ்கிறது.

பெயர்

பெரம்பலூர், அரியலூர் போன்ற சமவெளி மாவட்டங்களில் பனி என்பது மார்கழி விடியலில் புல்லில் படியும் நீர்த்துளியையும் மூடுபனியையும் குறிக்கும். பனிச்சரிவு என்ற சொல்லில் உள்ள பனியோ, வானிலிருந்து படிகங்களாக விழுந்து அடுக்கடுக்காகத் தேங்கும் வெண்பனியாகும். நீலகிரியிலுள்ள அவலாஞ்சி, பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் பெயர்பெற்றது. எனினும் அப்பெயருக்குக் காரணம் பனிச்சரிவு அன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட நிலச்சரிவே ஆகும்.

உருவாகும் விதம்

ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. கடுங்குளிர் நிலவும் நாட்களில், பனியின் அடிப்பகுதி வெதுவெதுப்பாகவும் மேற்பரப்பு மிகக் குளிர்ந்தும் இருக்கும். இதனால் நீராவி மேல்நோக்கி நகர்ந்து, பனித்துகள்கள் சர்க்கரை போல ஒட்டாத மணிகளாக மாறுகின்றன. இந்த வலுவற்ற அடுக்கின் மேல், காற்று அடித்துச் சேர்த்த பனி கெட்டியான பலகை போல அமைகிறது. அதன் மீது ஒருவர் கால் வைத்தால் அடியடுக்கு நொறுங்கி, விரிசல் பரவி, பலகை முழுவதும் சரியக்கூடும்.

30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே மிகவும் ஆபத்தானவை. அதைவிடச் செங்குத்தான சரிவுகளில் பனி அதிகம் தேங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும்.

அபாய அறிகுறிகள்

* அருகிலுள்ள சரிவுகளில் அண்மையில் பனி சரிந்த தடம்
* காலடியில் பனி அமிழ்ந்து 'தொம்' என்று எழும் ஓசை
* நடக்கும்போது பனியில் ஓடும் விரிசல்
* ஒரே நாளில் பெய்த பெரும் பனிப்பொழிவு, பலத்த காற்று
* வெப்பநிலையின் திடீர் உயர்வு

இந்தியாவில் நிகழ்ந்தவை

2016 பிப்ரவரி 3 அன்று, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த காவல் நிலை பனிச்சரிவில் புதைந்தது. மெட்ராஸ் படைப்பிரிவின் 19ஆம் அணியைச் சேர்ந்த இந்நிலையில் இருந்த 10 பேரும் உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா கொப்பட் ஆறு நாட்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் காலமானார்.

2022 அக்டோபர் 4 அன்று, உத்தராகண்டத்தின் திரௌபதி கா டாண்டா சிகரத்தில் நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. அப்போது 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் கிடைக்கவில்லை.

தற்காப்பும் மீட்பும்

புதையுண்டவர்களில் பெரும்பாலோர் மூச்சுத்திணறலால் இறக்கின்றனர். முதல் 10 முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரை மணி நேரம் கடந்தால் அது வெகுவாகக் குறைந்துவிடும். அதற்குள் வெளியிலிருந்து மீட்புப்படை வந்துசேர்வது அரிது என்பதால், உடன் செல்பவர்களே மீட்பர்களாக வேண்டியுள்ளது. எனவே ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் வைத்திருப்பதும் அவற்றைப் பயன்படுத்தப் பழகுவதும் இன்றியமையாதன. ஐயத்திற்குரிய சரிவை ஒருவர் பின் ஒருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் பனிச்சரிவு முன்னறிவிப்புகளைப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ், சண்டிகரில் இயங்கும் ஆய்வு நிறுவனம் வெளியிடுகிறது. முன்னறிவிப்பு ஒரு பரந்த பகுதிக்கு உரியது. காலடியில் உள்ள சரிவைக் கடக்கலாமா என்பதைப் பயணிகளே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.