எத்தினை அடியிலை?

ஏரியில் ட்ரோலிங் போய்ப் பிடித்த மீன் என்று எழுதிப் படத்தை அனுப்பியதும் மயிலிட்டியிலிருந்து சித்தப்பா உடனே அழைத்துவிட்டார். "அங்கையும் றோலர் விடத் தொடங்கிட்டீங்களோ?" என்று கேட்ட குரலில் கோபம் இருந்தது. அவருடைய வலைகளை இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போனது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. அந்த இழுவை முறையை இலங்கையில் 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தார்கள். ஆனாலும் எங்கள் ஊரில் றோலர் என்பது இன்றைக்கும் வசைச்சொல்.

"அது மடியை அடியிலை போட்டு வழிக்கிற வேலை, சித்தப்பா. இது தூண்டில். ஐயா பாய்வள்ளத்துக்குப் பின்னாலை அறுக்குளாவுக்கு விடுவாரே, அதேதான்" என்றேன். அப்போதுதான் ஆறினார்.

ட்ரோலிங், றோலர் என்ற இரண்டும் ஒலியில் ஒட்டிக்கொண்டு நிற்பதால் வரும் குழப்பம் இது. ஓடும் படகுக்குப் பின்னால் ஒரு போலி இரையை நீந்தவிட்டு, அது உயிருள்ள குஞ்சுமீன் என்று பெரிய மீனை நம்பவைப்பதுதான் நான் சொல்லும் ட்ரோலிங். ஐயாவிடம் இருந்தது ஒரு நூற்கட்டை, தூண்டில் முள், அதில் கட்டிய வெள்ளைச் சேவல் இறகு, அவ்வளவுதான். அறுக்குளா மேல்நீரிலும் வேட்டையாடும் மீன். அதனால் அவர் ஆழத்தைப் பற்றி யோசித்ததை நான் கண்டதில்லை. ஸ்காபரோவுக்கு வந்து, தங்கை மகனுடைய 21 அடிப் படகில் ஒன்ராறியோ ஏரியில் இறங்கிய முதல் கோடையில் என்னைத் தோற்கடித்தது அந்த ஆழம்தான். நான்கு ஞாயிறு போனோம். ஒரு மீன்கூட இல்லை.

இந்த ஏரியின் ஆழம் சராசரியாக 86 மீற்றர், மிக ஆழமான இடத்தில் 244 மீற்றர். இவ்வளவு தண்ணீரில் மீன் எங்கும் நிற்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் கோடையில் அது ஒரு மெல்லிய அடுக்கில்தான் நிற்கிறது. வெயிலில் சூடான நீர் இலேசாகி மேலே மிதக்கும். குளிர்ந்த நீர் கனமாகிக் கீழே கிடக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சில அடிகளுக்குள் வெப்பம் மளமளவென்று இறங்கிவிடும். தெர்மோகிளைன் என்பது இந்த இடத்தைத்தான். மேலே 20 பாகை, கீழே 6 பாகை என்றுகூட இருக்கும். சினூக் சால்மனுக்குப் பிடித்த வெப்பம் ஏறத்தாழ 10 முதல் 13 பாகை. ஆகவே அந்தச் சந்திப்பைச் சுற்றியே அது திரிகிறது. அதன் முக்கிய இரையான ஏல்வைஃப், எங்கள் சூடையின் இனத்தைச் சேர்ந்த சிறு மீன். அதுவும் அடிக்கடி அந்த எல்லையை ஒட்டியே கூட்டமாக நிற்கும்.

அந்த அடுக்கும் ஓரிடத்தில் நிற்பதில்லை, காற்று அதை ஏற்றி இறக்குகிறது. ஊரில் பழகிய காற்றுப் பெயர்கள் எனக்கு இங்கேயும் உதவுகின்றன. வடக்கிலிருந்து வாடையோ மேற்கிலிருந்து கச்சானோ இரண்டு நாள் விடாமல் அடித்தால் ரொறன்ரோப் பக்கக் கரையிலிருந்து சூடான மேல்நீர் விலகிப்போகும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்நீர் ஏறிவரும். மீனும் அதோடு கரைக்குக் கிட்ட வரும். கிழக்கிலிருந்து கொண்டல் ஊதினால் சூட்டுநீர் இந்தக் கரையில் குவிந்து, குளிர் அடுக்கு ஆழத்துக்குப் போய்விடும். நேற்று 50 அடியில் மீன் பிடித்தவன் இன்று 90 அடிக்கு இறக்கவேண்டியிருக்கும். மீன்பிடிக்கப் போகுமுன் முந்திய மூன்று நாட்களின் காற்றைப் பார்க்காமல் நான் வீட்டைவிட்டு இறங்குவதில்லை.

சரி, இன்று மீன் 70 அடியில் என்று தெரிந்துவிட்டது. ஓடும் படகிலிருந்து ஒரு மெல்லிய நூலை 70 அடிக்கு எப்படி இறக்குவது? ஈயம் கட்டலாம். ஆனால் படகு ஓட ஓட நூல் பின்னுக்குச் சாய்ந்து மேலே எழும். அதை அமுக்கி வைக்கும் அளவுக்கு ஈயம் கட்டினால், மீன் மாட்டும்போது நாம் ஈயத்தோடுதான் மல்லுக்கட்டுவோம். இந்தச் சிக்கலுக்குக் கண்ட விடை டவுன்ரிகர். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மதிப்பு கூடுகிறது.

படகின் பின்விளிம்பில் பூட்டிய ஒரு சிறு கப்பி அது. அதில் சுற்றிய உருக்குக் கம்பியின் முனையில் 10 அல்லது 12 இறாத்தல் ஈயக்குண்டு தொங்கும். எத்தனை அடி இறங்கியது என்று காட்ட ஓர் எண்கருவி. குண்டுக்கு மேலே உடுப்புக் காயப்போடும் கிளிப்பைப் போன்ற ஒரு கவ்வி. முதலில் இரையைத் தண்ணீரில் விட்டு 15, 20 அடி பின்னுக்குப் போகவிடுகிறோம். பிறகு நூலைக் கவ்வியில் செருகி, குண்டை 70 அடிக்கு இறக்குகிறோம். தடியைத் தாங்கியில் நிறுத்தி, தளர்வு போகும்வரை நூலைச் சுற்றினால் தடி வில்லாக வளைந்து நிற்கும். மீன் கவ்வி இழுத்ததும் கிளிப் நூலை விட்டுவிடும். வளைந்த தடி ஒரு கணம் நிமிர்ந்து, அடுத்த கணம் தண்ணீரை நோக்கிக் குனியும். அதன் பிறகு நமக்கும் மீனுக்கும் இடையில் நூல் மட்டும்தான், ஈயம் இல்லை. ஆழம் முழுவதையும் குண்டு சுமந்துகொள்வதால் நல்ல மெல்லிய தடியோடு நிற்கலாம்.

எண்கருவி சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. ஓட்டத்தில் கம்பி சாய்வதால், 70 என்று காட்டும்போது குண்டு 65இல் இருக்கலாம். மீன்காட்டித் திரையில் குண்டு தனிக் கோடாகத் தெரியும். அதைப் பார்த்துத் திருத்துவோம். சால்மன் மேல்நோக்கிப் பார்த்து வேட்டையாடும். ஆகவே மீன் நிற்கும் ஆழத்துக்குச் சற்று மேலேதான் இரை ஓடவேண்டும்.

பக்கங்களுக்கு வேறு கருவிகள் உண்டு. டிப்ஸி என்பது நூலில் கட்டும் வட்டத் தகடு; தண்ணீரின் விசையால் தானே கீழும் பக்கமுமாகப் பாய்ந்து, இரையைப் படகின் இரைச்சலிலிருந்து தள்ளி இழுத்துப்போகும். லெட்கோர் நூலுக்குள் ஈயம் இருக்கும். 10 யார் நீளத்துக்கு ஒரு நிறம் மாறும். ஒரு நிறம் விட்டால் சுமார் 5 அடி இறங்கும் என்பது கைக்கணக்கு.

இரை என்றால் பெரும்பாலும் ஸ்பூன், கரண்டித் தலையைப் போன்ற உலோகத் தகடு. விடியுமுன் ஒளிரும் பூச்சுள்ளதை டோர்ச் அடித்து ஒளியேற்றி இறக்குவோம். வெளிச்சம் வந்தபின் பச்சை, நீலம், வெள்ளி. 8 அல்லது 11 அங்குல ஃபிளாஷர் தகடு முன்னே சுழல, பின்னே மினுங்கும் இழைகளால் கட்டிய ஈ வடிவத் தூண்டில் துள்ளும் கூட்டும் உண்டு. கடையில் நிறங்களுக்காக நிறையப் பணம் செலவழித்தேன். இப்போது என்னிடம் கேட்டால், நிறத்துக்கு முன் வேகத்தைச் சரிசெய்யுங்கள் என்பேன்.

சால்மனுக்கு மணிக்கு இரண்டிலிருந்து மூன்று மைலுக்குள் ஓட்டுவார்கள். அந்த வேகம் படகின் ஜிபிஎஸ் காட்டுவதல்ல, குண்டின் பக்கத்தில் இருக்கவேண்டியது. மேலே ஒரு நீரோட்டம், கீழே எதிரான இன்னொன்று என்பது இந்த ஏரியில் சாதாரணம். கிழக்கே போகும்போது துடித்த ஸ்பூன் மேற்கே திரும்பியதும் செத்த இலைபோல் தொங்கும். ஆழத்து வேகத்தையும் வெப்பத்தையும் அளந்து மேலே அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. அவை இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி, நேராக ஓட்டாமல் பாம்புபோல் வளைந்து ஓட்டுவது. வளையும்போது உட்பக்கத் தூண்டில்கள் வேகம் குறைந்து தாழும். வெளிப்பக்கத்தவை வேகம் கூடி எழும். எந்தப் பக்கத் தடி அடிபடுகிறதோ, அன்றைக்கு மீன் கேட்பது அந்த வேகம்.

வளைவு என்றால் அகன்ற வளைவு. ஒருமுறை மீன்கூட்டத்தைத் திரையில் கண்ட ஆவலில் நான் சுக்கானைச் சட்டென்று முறித்துவிட்டேன். இரண்டு டிப்ஸி நூல்கள் டவுன்ரிகர் கம்பியைச் சுற்றிக்கொண்டன. மருமகன் பின்விளிம்பில் குனிந்து அரைமணி நேரம் நூல் அறுத்தான். கோடையிலும் விறைக்கும் தண்ணீர், கரையிலிருந்து நான்கு மைல். அவன் உயிர்காப்பு அங்கி போட்டிருந்தான் என்பதுதான் எனக்கு அன்றிருந்த ஒரே ஆறுதல். இப்போது அங்கி போடாத எவரையும் படகில் ஏற்றுவதில்லை.

இந்தச் சினூக்கே இந்த ஏரிக்கு வந்தேறி. இங்கே பிறந்த அத்திலாந்திக் சால்மன் அணைகளாலும் காடழிப்பாலும் அளவில்லாத பிடிப்பாலும் 19ஆம் நூற்றாண்டோடு அற்றுப்போனது. மிச்சிகன் ஏரியில் வேட்டையாட ஆளில்லாத ஏல்வைஃப் பெருகி, 1967இல் கரையெல்லாம் செத்துக் குவிந்தது. மீன்வள அதிகாரி ஹவார்ட் டேனர் அதற்கு முந்திய ஆண்டே பசிபிக்கின் கோஹோ சால்மனை அங்கே விடச் செய்திருந்தார். 1967இல் சினூக்கும் வந்தது. ஒன்ராறியோ ஏரியிலும் அதே வழி பின்பற்றப்பட்டது. வந்தேறி மீன், வந்தேறி நாங்கள்.

பிடித்ததை எல்லாம் தின்னவும் முடியாது. எந்த நீர்நிலையில் எந்த மீனை, எவ்வளவு நீளத்தில், மாதம் எத்தனை முறை உண்ணலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. பெரிய மீனில் நச்சு அதிகம். தோலையும் கொழுப்பையும் அகற்றினால் பிசிபி குறையும், பாதரசம் குறையாது. ஆகவே எங்கள் வீட்டுக் குழம்புச்சட்டிக்குப் போவது சின்ன மீன்தான்.

போன சனிக்கிழமை புளஃபர்ஸ் பூங்கா இறங்குதுறையிலிருந்து நாலரைக்குப் புறப்பட்டோம். இடப்பக்கம் வளைந்தபோது "மாமா, உள்தடி!" என்று மருமகன் கத்தினான். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். பத்து நிமிடத்தில் அடுத்த தடியும் நிமிர்ந்து குனிந்தது. படத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். இம்முறை றோலர் பேச்சே இல்லை.

"எத்தினை அடியிலை?" என்று கேட்டார்.

"55, சித்தப்பா. இரண்டு நாளா வாடை. இல்லாட்டில் இன்னும் கீழை போயிருக்கும்."