சூத்திரம் இல்லாத கணக்கு

ஒருவர் காலை 6 மணிக்கு ஏற்காடு அடிவாரத்திலிருந்து நடக்கத் தொடங்குகிறார். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மாலைக்குள் மலைமேல் சேர்கிறார். மறுநாள் அதே 6 மணிக்குக் கிளம்பி அதே சாலையில் இறங்குகிறார். இடையில் நிற்கலாம், டீ குடிக்கலாம், ஓடலாம். எப்படி நடந்தாலும், இரண்டு நாளும் ஒரே நேரத்தில் அவர் இருந்த இடம் ஒன்று அந்தச் சாலையில் கட்டாயம் உண்டு. எப்படி?

வேகமும் தெரியாது, தூரமும் தெரியாது. இரண்டு நாள் நடையையும் ஒரே நாளில் இருவர் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏறுகிறார், இன்னொருவர் இறங்குகிறார். இருப்பதோ ஒரே சாலை. இருவரும் எதிரெதிரே சந்தித்தே ஆக வேண்டும். அந்த இடம்தான் விடை!

கணித ஒலிம்பியாட் தேடுவது இப்படி மாற்றி யோசிக்கும் மூளையைத்தான். அதன் தேசியச் சுற்றில் 6 கேள்விகளுக்கு நான்கரை மணி நேரம். அதாவது ஒரு கேள்விக்கு 45 நிமிடம்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் ஒலிம்பியாட் சாதனைக்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. அங்கே கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப், அவ்வளவுதான். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பயிற்சி மையத்துக்குப் போக வசதியில்லாத பிள்ளைகளுக்காகவே 2006-இல் சட்டம் இயற்றி நுழைவுத்தேர்வை நீக்கினார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கிராமத்து மாணவிக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் பெரிய வாசல்.

வேறு வாசல்களும் உண்டு. தேசியச் சுற்றில் சாதிப்பவர்களைச் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம் நுழைவுத்தேர்வு இல்லாமலே சேர்த்துக்கொள்கிறது. அறிவியல் ஒலிம்பியாட் சாதனையாளர்களுக்கென்று சென்னை ஐஐடியும் 2025-இல் தனிச் சேர்க்கையை அறிவித்தது.

ஒலிம்பியாட், பிளஸ் டூ இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? காலண்டரைப் பார்த்தால் வழி தெரியும். ஒலிம்பியாட் முதல் சுற்று செப்டம்பர் வாக்கில், தேசியச் சுற்று ஜனவரியில். பிளஸ் டூ மாணவருக்கு அதுதான் திருப்புதல் தேர்வு நெருக்கும் காலம். ஆகவே எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் ஒன் வரை ஒலிம்பியாட் கணக்குகளோடு மல்லுக்கட்டலாம். பிளஸ் டூவைப் பாடப்புத்தகத்துக்கே கொடுத்துவிடலாம். தேசியச் சுற்றை எட்டாவிட்டாலும் நட்டமில்லை. ஒரு கணக்கோடு முக்கால் மணி நேரம் பொறுமையாக உட்காரப் பழகிய பிள்ளை பாடப்புத்தகக் கணக்கைக் கண்டு மிரளாது.

இப்படி ஒரு தேர்வு இருப்பதை மலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிலேயே யாராவது சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் சொன்னால், அது காலம் கடந்த செய்தி.