நடந்ததைக் கூறும் நூல்களில் சான்றுநிலை: வாசகர் எதிர்வினையும் மொழிபெயர்ப்பும்

நாவலில் நிகழும் கொலையைப் பற்றி வாசகர் எவரிடமும் விசாரிப்பதில்லை. நடந்ததாகக் கூறும் நூலைப் படிக்கும்போதோ விசாரித்துக்கொண்டே படிக்கிறார். இது இவருக்கு எப்படித் தெரிந்தது, உடனிருந்து கண்டாரா, கேட்டுச் சொல்கிறாரா என்னும் வினாக்கள் அடிமனத்தில் ஓடுகின்றன. சாவிலிருந்து தப்பியோரின் அனுபவம், இறைநம்பிக்கை சோதனைக்குள்ளான வரலாறு, உண்மைக் குற்றம் ஆகியவற்றைக் கூறும் நூல்களில் இவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன. அங்கே மாண்டவரும் பழிசுமந்தவரும் மெய்யான மனிதர்கள். வாசகரின் எதிர்வினை உள்ளடக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. செய்தி எங்கிருந்து கிடைத்தது என்பதை வாக்கியம் சுட்டும் முறையையும் பொறுத்தது. மொழியியலில் சான்றுநிலை எனப்படும் இக்கூறு, மொழிபெயர்ப்பில் எளிதில் உருமாறிவிடுகிறது.

துருக்கி மொழியில் இறந்தகால வினையைச் சொல்லும்போதே, நேரில் அறிந்ததா பிறர்வாய் அறிந்ததா என்பதை விகுதி காட்டிவிடும். ஆங்கிலத்தில் இதற்கெனத் தனி விகுதி இல்லை. தமிழ் இடைப்பட்டது. 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தறியாதவரும் அறிவர். ஆயினும் 'ஆம்' சேர்ப்பது கட்டாயமன்று. அதோடு இவ்வுருபுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்' என்று பாட்டி தொடங்கும்போது, கேள்விப்பட்டதைக் குறிக்கும் அதே உருபு கதைக்கும் அடையாளமாகிறது. சில வேளைகளில் அது ஏளனமாகவும் ஒலிக்கும். 'இவர் பட்டினி கிடந்தாராம்' என்பதில் இரக்கத்தைவிட ஐயமே மிகுதி. ஆகவே நெடிய உரைநடையில் மொழிபெயர்ப்பாளர் 'ஆம்' உருபைத் தொடர்ந்து ஆள இயலாது. 'கூறப்படுகிறது' என்னும் செய்தித்தாள் முடிபும் பத்துப் பக்கங்களுக்குமேல் தாங்காது. இரண்டையும் விட்டுவிட்டால் கேட்டது, கண்டது, ஊகித்தது அனைத்தும் ஒரே வினைமுற்றில் வந்து நிற்கும்.

அவ்வாறு ஒரே வினைமுற்றில் எழுதுவதையே ஓர் உத்தியாகக் கொண்டவர் அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி. 1959 நவம்பரில் கான்சஸ் மாநிலத்தின் ஹோல்கம் என்னும் சிற்றூரில் க்ளட்டர் குடும்பத்தினர் நால்வர் கொல்லப்பட்டனர். குற்றவாளிகள் இருவர் 1965 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டே 'நியூ யார்க்கர்' இதழில் நான்கு பகுதிகளாக வெளிவந்து, 1966இல் நூலான 'இன் கோல்ட் ப்ளட்' தன்னை உண்மை வரலாறு என்றே அறிவித்துக்கொண்டது. ஆனால் நூலுள் ஆசிரியர் எங்கும் தோன்றுவதில்லை. செய்தி தந்தவர் யார் என்பதும் பெரும்பாலும் வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை. கொலையுண்டோரின் கடைசி நாள், கொலைகாரர்களின் தனிமைப் பேச்சு, எண்ணம் எல்லாம் நாவலின் உறுதியோடு கூறப்படுகின்றன. தம் நேர்காட்சி தவிர்த்த செய்திகள் ஆவணங்களிலிருந்தும் பேட்டிகளிலிருந்தும் பெற்றவை என்பதை முகப்பில் ஒருமுறை சொல்லியதோடு ஆசிரியர் அமைகிறார்.

வாசகர்கள் இந்நூலை விரும்பி வாங்கினர். சிலர் விசாரிக்கவும் புறப்பட்டனர். 1966இலேயே ஃபிலிப் டாம்கின்ஸ் என்பவர் கான்சஸ் சென்று ஊராரையும் ஆவணங்களையும் கண்டு, நூல் உண்மையிலிருந்து விலகும் இடங்களை 'எஸ்கொயர்' இதழில் எடுத்துக்காட்டினார். விசாரணை அதிகாரியும் இறந்த பெண்ணின் தோழியும் கல்லறைத் தோட்டத்தில் சந்திக்கும் இறுதிக் காட்சி கற்பனையே என்பதை ஜெரால்ட் கிளார்க் எழுதி 1988இல் வெளிவந்த கபோட்டியின் வாழ்க்கை வரலாறு உறுதிசெய்தது. நூலின் மிக அமைதியான, மிகவும் பாராட்டப்பெற்ற பகுதிகளுள் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டுச் சந்தைகளில் கொலைச்சிந்து விற்ற காலத்தில், கொலையுண்டவள் பாடுவதாக வரும் அடிகளைக் கேட்டவர் எவரும் அவற்றை வாக்குமூலமாகக் கொண்டிருக்க மாட்டார். சிந்தின் யாப்பே அது கட்டப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். உரைநடைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இதற்கு நேர்மாறான உத்தி கொலம்பியாவில் கையாளப்பட்டது. 1955 பிப்ரவரியில் 'கல்தாஸ்' என்னும் கடற்படைக் கப்பலிலிருந்து எண்மர் கடலில் விழ, லூயிஸ் அலெஹாந்த்ரோ வெலாஸ்கோ என்னும் மாலுமி மட்டும் பத்து நாட்கள் தெப்பத்தில் மிதந்து பிழைத்தார். அவரை நீண்ட அமர்வுகளில் பேட்டிகண்ட காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் தம் பெயரை மறைத்து, வெலாஸ்கோவே தன்மையிடத்தில் கூறுவதாக 'எல் எஸ்பெக்டடோர்' நாளிதழில் 14 பகுதிகள் எழுதினார். கண்டவன் 'நான்' என்று பேசும்போது ஒவ்வொரு வினைமுற்றும் சாட்சியமாகிறது. புயல் இல்லை, கப்பலில் கடத்தற்பொருள்கள் இருந்தன என்ற செய்தி அவ்வாறு வெளிவந்தபோது அரசு மறுத்தது. உடன்பயணித்த மாலுமிகளின் புகைப்படங்களைத் தேடிப்பெற்ற நாளிதழ், பெட்டிகள் தெரியும் படங்களை வெளியிட்டது. 1970இல் நூலானபோதுதான் அட்டையில் மார்க்கேஸின் பெயர் வந்தது. தலைப்பிலுள்ள 'ரெலாத்தோ' என்னும் ஸ்பானியச் சொல் நடந்ததைக் கூறுதலுக்கும் பொருந்தும், சிறுகதைக்கும் பொருந்தும். தமிழில் 'கதை' என்றால் இரண்டும் அடங்கும் என்று வாதிடலாம். நாமக்கல் கவிஞர் தன்வரலாற்றுக்கு 'என் கதை' என்று பெயரிட்டார். உ.வே.சாமிநாதையரோ 'என் சரித்திரம்' என்றார். மாலுமியின் நூலுக்கு எதைத் தேர்ந்தாலும், வாசகர் நம்பிக்கையின் அளவு அட்டையிலேயே ஓரளவு தீர்மானமாகிவிடும்.

தன்மையிடம் தரும் நம்பிக்கை ஆபத்தும் உடையது. பின்யமின் வில்கொமிர்ஸ்கி என்னும் பெயரில் 1995இல் ஜெர்மன் மொழியில் வந்த நினைவுக்குறிப்பு, நாஜி முகாம்களில் கழிந்த குழந்தைப்பருவத்தைக் கூறிப் பரிசுகள் பெற்றது. எழுதியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர் என்பது 1998இல் வெளிப்பட, மறு ஆண்டில் பதிப்பகம் நூலைத் திரும்பப் பெற்றது. நூலில் ஒரு சொல்லும் மாறவில்லை. வாசகர் எதிர்வினை முற்றும் மாறிற்று.

மெய்யாகவே முகாமிலிருந்து மீண்ட எலீ வீசலின் நூலில் மாறியவை சொற்களே. அவருடைய முதல் வடிவம் 1956இல் புவனஸ் அயர்ஸில் இத்திஷ் மொழியில் வெளிவந்த 245 பக்க நூல். உலகம் மௌனம் சாதித்தது என்பது தலைப்பின் பொருள். 1958இல் அது பெரிதும் சுருங்கி 'இரவு' என்ற தலைப்பில் பிரெஞ்சு நூலாயிற்று. கத்தோலிக்க எழுத்தாளர் ஃபிரான்சுவா மோரியாக் முன்னுரை எழுதினார். 1960இல் ஆங்கிலத்துக்கு வந்தது. இத்திஷையும் பிரெஞ்சையும் ஒப்பிட்ட நவோமி ஸைட்மன் 1996இல் வெளியிட்ட கட்டுரை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது. விடுதலைக்குப்பின் இளைஞர் சிலர் வைமார் நகருக்குச் சென்றதைக் கூறுமிடத்தில், இத்திஷ் மூலம் ஜெர்மன் பெண்களை வன்புணர்வதைக் குறிக்கும் வினையை ஆள்கிறது. பிரெஞ்சு வடிவமோ பெண்களோடு படுப்பது என்ற அளவில் நிறுத்துகிறது. இத்திஷில் முகம்பார்க்கும் கண்ணாடியை உடைத்துச் சினத்துடன் எழுத அமர்பவன், பிரெஞ்சில் அதே கண்ணாடியில் தன் பிணமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறான். தம்மவரிடம் பேசியபோது இருந்த சினம் பிறரிடம் பேசியபோது துயரமாயிற்று என்பது ஸைட்மனின் வாதம். இதை ஏற்காதவரும் உண்டு. எனினும் உலக வாசகர் கண்ணீரோடு ஏற்ற சாட்சி இரண்டாவது சாட்சியே என்பதை மறுப்பதற்கில்லை.

முகாமில் ஒரு சிறுவன் தூக்கிலிடப்படும் காட்சிக்கு எழுந்த எதிர்வினையும் இங்கு நோக்கத்தக்கது. கடவுள் எங்கே என ஒருவர் கேட்க, இந்தத் தூக்குமரத்தில்தான் என வீசலின் உள்ளம் விடையளிக்கிறது. மோரியாக்கின் முன்னுரை அதைச் சிலுவையை நினைந்து படித்தது. ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1972இல் வெளியிட்ட நூலில், துன்பத்தில் பங்குகொள்ளும் இறைவன் என்னும் தம் கருத்துக்கு அக்காட்சியை எடுத்தாண்டார். யூத வாசகர் பலருக்கோ அது சிலுவைக் காட்சியன்று. இறைவனோடு செய்துகொண்ட உடன்படிக்கை முறிந்த இடம்.

தமிழில் இச்சிக்கல் இரட்டிக்கிறது. 'கர்த்தர்' என்றால் சீர்திருத்தத் திருச்சபையினரின் வேதாகமம் ஒலிக்கும். 'ஆண்டவர்' என்றால் இன்றைய கத்தோலிக்க வழிபாடு. 'சர்வேசுரன்' பழைய கத்தோலிக்க வழக்கு. யூதச் சிறுவனின் மன்றாட்டில் இவற்றுள் எது வந்தாலும் வாசகர் தம் ஊர்க் கோயிலைக் காண்பார். சாட்சி யார் என்பதே மாறிவிடும். 'இறைவன்' ஓரளவு பொதுச்சொல். யூத வேண்டுதல்களில் வரும் 'அண்டங்களின் தலைவனே' போன்ற விளிகளை நேராகவே பெயர்ப்பது இன்னும் நன்று. தமிழுக்கு அவை சற்று அயலாக ஒலிப்பது குறையன்று.

நிகழ்ச்சியின் பெயரும் அத்தகையதே. 'ஹோலோகாஸ்ட்' என்பதன் கிரேக்க மூலம் முழுதும் எரித்துப் படைக்கும் பலியைக் குறிப்பது. தமிழ் வேதாகமத்தின் 'சர்வாங்க தகனபலி' அதற்கு நேரானது. கொன்றதைப் படையல் என்பதா எனக் கேட்டு, யூதருள் பலர் 'ஷோவா' என்னும் எபிரேயச் சொல்லை விரும்புகின்றனர். அதன் பொருள் பேரழிவு. புயலுக்கும் வெள்ளத்துக்கும் வழங்கும் 'பேரழிவு' என்னும் தமிழ்ச்சொல்லில் செய்தவன் இல்லை. 'இனப்படுகொலை'யில் செய்தவன் உண்டு, ஆனால் அது பிற்காலச் சட்டச்சொல், முகாமில் இருந்த சிறுவன் அறியாதது. ஒரு கலைச்சொல்லுக்கு நூல் முழுதும் ஒரே பெயர்ப்பு என்னும் விதியை இங்குத் தளர்த்தி, வீசலின் குரலில் ஒன்றையும் பதிப்புரையிலும் குறிப்புகளிலும் மற்றொன்றையும் ஆள்வதே தகும்.