பெரட்டுக்கு வந்த மரபணுக்கள்

மலேசியாவின் செனாய் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். பேரேட்டில் எல்லாருடைய பெயரும் இருக்கும். அன்று வேலைக்கு வந்தவர் யார் என்பது விடியற்காலைப் பெரட்டில்தான் தெரியும். நம் உயிரணுக்களிலும் அப்படித்தான். ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் பதிவில் உண்டு. எவை வேலையில் இறங்கியிருக்கின்றன என்பதை அவை எழுதித்தள்ளும் ஆர்.என்.ஏ. காட்டிக்கொடுக்கும். அதை மொத்தமாக அளப்பதே மரபணு வெளிப்பாட்டு ஆய்வு.

தீவிர ரத்தப் புற்றுநோயில் இதற்குப் பெரிய வேலை இருக்கிறது. நுண்ணோக்கியில் இரண்டு பிள்ளைகளின் நோய் அணுக்கள் ஒன்றுபோலவே தெரியலாம். ஆனால் ஒரு பிள்ளை தேறிவிடும், மற்றதற்கு நோய் திரும்பும். 1999இல் அமெரிக்காவின் டாட் கோலப் குழு, 38 நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் 6,817 மரபணுக்களை அளந்து, நோயின் இரு பெரும் வகைகளை அந்த அளவுகளைக் கொண்டே பிரித்துக் காட்டியது.

2002இல் ஆலன் யோவை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வு 360 பிள்ளைகளின் அணுக்களைப் பார்த்தது. தெரிந்த வகைகள் தனித்தனியே பிரிந்தன. கூடவே எதிலும் சேராத ஒரு கூட்டமும் ஒதுங்கி நின்றது. ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 2016இல்தான் காரணம் பிடிபட்டது. டி.யு.எக்ஸ்.4 என்ற மரபணு இடம் மாறிப்போய், ரத்த அணுவில் உறங்கிக் கிடக்க வேண்டியது விழித்திருந்தது. வழக்கமான குரோமோசோம் சோதனைக்கு அகப்படாத கோளாறு அது. காரணம் தெரிவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே ஆர்.என்.ஏ. அந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டிவிட்டது. இந்தத் துறையில் என்னை இன்றும் மலைக்க வைப்பது இதுதான்.

செனாய்க்குத் தெற்கே பாலம் தாண்டினால் சிங்கப்பூர், வடக்கே கோலாலம்பூர். இரு நாட்டு மருத்துவர்களும் கைகோத்து நடத்திய மா-ஸ்போர் ஆய்விலும் யோ இருந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஹனி அரிஃபினும் இருந்தார். அங்கே அளவுகோல் வேறு: சிகிச்சைக்குப் பின் எஞ்சிய நோய் அணுக்களை எண்ணி, ஆபத்து குறைந்தவர்களுக்கு மருந்தைக் குறைத்தார்கள். 2012இல் முடிவு வெளியானது. 556 பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் ஆறு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தார்கள்.

மருந்தைக் குறைப்பது ஒரு பக்கம். சரியான மருந்தைக் காட்டுவதும் நடக்கிறது. 2009இல் ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள்: நொதி ஒன்றை ஓயாமல் முடுக்கிவிடும் பிலடெல்பியா குரோமோசோம் என்ற கோளாறு இல்லாத சில பிள்ளைகளின் ஆர்.என்.ஏ., அது உள்ளவர்களுடையதைப் போலவே இருந்தது. உள்ளே தேடியபோது, சிலரிடம் வேறு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு அதே வகை நொதிகளை ஓயாமல் முடுக்கிவிட்டிருந்தன. அந்த நொதிகளை அடக்க இமாட்டினிப் என்ற மாத்திரை ஏற்கெனவே மருந்துக்கடைகளில் இருந்தது. வழக்கமான சிகிச்சைக்கு மசியாத ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுத்ததும் நோய் அடங்கிய செய்தி 2013இல் வெளியானது.